வெளியே ஒரு விறகு பாய்லர், வீட்டுக்கு வெந்நீர், பட்டறைக்கு உலர் சூடு: வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பித் தொழில் செய்ய முடியாது. அணைக்கட்டுப் பக்கம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நாங்கள் வடகமும் அப்பளமும் போடுகிறோம். மழை பிடித்துக்கொண்டால் மாவு பிசைந்தது பிசைந்தபடி கிடக்கும், பாதி காய்ந்தது பூஞ்சை பிடிக்கும். அதற்காகத்தான் கொட்டகைக்கு வெளியே விறகு பாய்லர் வைத்து, சூடான தண்ணீரைக் குழாயில் சுற்றவிட்டு, ஒரு உலர் அறையையும் வீட்டுக் குளியலறையையும் அதிலேயே ஓட்டுகிறோம். இதைச் செய்து முடிக்க வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை என்று நிறைய அலைய வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், யாரும் முழுசாகச் சொல்லவில்லை. அடுத்து செய்கிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஆவி உண்டாக்கும் பாய்லரைப் பற்றி இங்கே பேசவில்லை. நடுவில் ஒரு தீப்பெட்டி (விறகு எரியும் இரும்பு அறை), அதைச் சுற்றித் தண்ணீர், தண்ணீரைச் சுற்றி வெப்பக் காப்பு, மேலே புகைபோக்கி, அவ்வளவுதான். தண்ணீர் 75 முதல் 80 டிகிரி வரை சூடாகும், கொதிக்கக் கூடாது. குளிர்நாடுகளில் இதே அமைப்பை வீட்டைச் சூடாக்க வைத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு அது தேவைப்படாது, ஏலகிரி மேலே தங்கும் அறை நடத்துகிறவர்கள் வேண்டுமானால் மார்கழியில் அறைக்கும் இழுத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது வெந்நீரும் உலர்ந்த காற்றும்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

பட்டறைக்குப் போய் "பெரிய பாய்லர் ஒண்ணு பண்ணிக்கொடுங்க" என்று சொன்னால் அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு அளவு சொல்வார்கள். ஒரு தாள், ஒரு பேனா போதும்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,500 முதல் 4,000 கிலோ கலோரி இருக்கிறது. நம் ஊரில் அடிக்கும் பாய்லரில் அதில் பாதிக்குச் சற்று மேல் தண்ணீருக்குப் போனால் நல்ல பாய்லர். ஆகவே கிலோ விறகுக்கு 2,000 கிலோ கலோரி கையில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் சரக்கு. ஒரு நாளில் எத்தனை கிலோ ஈரம் வெளியேற வேண்டும் என்று பாருங்கள். போட்டவுடன் ஒரு தட்டை எடை போட்டு, நன்றாகக் காய்ந்தபின் அதே தட்டை எடை போட்டால் தெரிந்துவிடும். ஒரு கிலோ ஈரத்தை ஆவியாக்க மட்டுமே 570 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும், சுவர், கதவு, வெளியே தள்ளும் காற்று எல்லாவற்றிலும் போகும் சூட்டைச் சேர்த்தால் 1,500 என்று கணக்கில் வையுங்கள். எங்களுக்கு நாளைக்கு 40 கிலோ ஈரம். அப்படியானால் 60,000 கிலோ கலோரி, 30 கிலோ விறகு. குளியலுக்கு 200 லிட்டரை 25 டிகிரி உயர்த்த இரண்டரை கிலோ. இரவில் ஆறிப்போனதை மறுபடி ஏற்ற நாலைந்து கிலோ. மொத்தம் ஒரு நாளைக்கு 40 கிலோவுக்குள் அடங்கும்.

அதே 60,000 கிலோ கலோரியைக் கரண்ட் ஹீட்டரில் எடுத்தால் கிட்டத்தட்ட 70 யூனிட். தினமும் 70 யூனிட். விறகா கரண்டா என்ற முடிவை இந்த ஒரு எண்ணை வைத்தே எடுக்கலாம். நாளைக்கு 5 கிலோ ஈரம்தான் என்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஒரு சின்ன மின் உலர்த்தி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள்.

2. பாய்லருக்கு முன்னால் விறகு

எல்லோரும் பாய்லரைச் செய்துவிட்டு, புரட்டாசியில் விறகு தேடுவார்கள். அப்போது கிடைப்பது பச்சை விறகு. அதைப் போட்டால் புகைதான் வரும், சூடு வராது, புகைபோக்கிக்குள் தார் படியும், பக்கத்து வீட்டில் சண்டை வரும், கடைசியில் "பாய்லரே சரியில்லை" என்ற பேச்சு வரும். பெரும்பாலும் பாய்லரில் ஒன்றும் இருக்காது.

வெட்டின கையோடு வரும் விறகில் பாதி எடை வரைக்கும் தண்ணீர் இருக்கலாம். அதை டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள், பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்க உங்கள் விறகையே எரிக்கிறீர்கள். நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: வேலூர் வெயில். மாசியில் வாங்கி, பிளந்து, தரையில் படாமல் கட்டை வைத்து அடுக்கிவிட்டால் சித்திரையும் கத்திரியும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிளக்காமல் உருட்டாகக் கிடந்தால் பட்டைக்குள் ஈரம் அப்படியே நிற்கும். கை மொத்தத்துக்கு மேல் இருப்பதையெல்லாம் பிளந்துவிடுங்கள். ஆடி பிறந்ததும் மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள், பக்கவாட்டில் மூடினால் காற்று ஓடாது.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுக்கிலிருந்து நாலு துண்டுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் தயார். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் பச்சைக்கு 'தொப்' என்றும், காய்ந்ததற்கு 'டங்' என்றும் சத்தம் வரும், வெட்டு முனையில் நட்சத்திர வெடிப்பும் தெரியும்.

எந்த விறகு? சீமைக் கருவேலம்தான் முதல் தேர்வு. கனமானது, நின்று எரியும், ஏரிக்கரையெல்லாம் அதுதான். முள்ளைக் கழித்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூலி ஆள் திரும்ப வரமாட்டார். சவுக்கு நன்றாக எரியும், விலை கூட. தென்னை மட்டையும் தேங்காய் ஓடும் தீ மூட்ட நல்லது. மல்லாட்டைத் தோல் (வேர்க்கடலைத் தோல்) நம் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், ஆனால் இந்த மாதிரி தீப்பெட்டியில் அள்ளிக் கொட்டினால் காற்றை அடைத்துப் புகையும், சட்டென்று பற்றி வாசல் வழியாகவும் அடிக்கும். அதை விட்டுவிடுங்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோல் வெட்டுத் துண்டு சும்மாவே கிடைக்கும், சூடாகவும் எரியும். எரிக்காதீர்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்துக்கு மாறிப் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தப் புகை நீங்கள் காயவைக்கும் உணவுக்கு மேலேதான் போகும், அந்தச் சாம்பல் உங்கள் கிணற்றடியில்தான் விழும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், டயர், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வாங்கும்போது எடை மேடைச் சீட்டு கேளுங்கள், எங்கிருந்து வெட்டியது என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். ஜவ்வாது மலைச் சாரலில் இருக்கிறோம். காப்புக்காட்டு விறகு ஒரு வண்டி உங்கள் வாசலில் நின்றாலே வம்பு, சந்தனக் கட்டை ஒன்று நடுவில் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம். எரிக்கும் விறகுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதைச் சொல்லி யாராவது கூடக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

3. எங்கே வைப்பது

நீங்கள் அதிகம் எரிக்கப்போவது ஐப்பசி முதல் தை வரை. அப்போது நமக்கு வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து அடிக்கும், புகை தென்மேற்கே போகும். ஆகவே பாய்லருக்குத் தென்மேற்கில் உங்கள் வீடோ பக்கத்து வீடோ இருக்கக் கூடாது. வாஸ்து பார்க்கிறவர்கள் அக்னி மூலையில், தென்கிழக்கில் வைக்கச் சொல்வார்கள். அந்தக் காற்றில் தென்கிழக்கு பெரும்பாலும் ஒத்துவரும், ஆனால் அந்த மூலைக்கு மேற்கேயும் தெற்கேயும் யார் வீடு என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, விறகு அடுக்கு இவற்றிலிருந்து குறைந்தது 30 அடி தள்ளி. வீட்டுக்கும் பட்டறைக்கும் 30, 40 அடிக்குள். அதற்கு மேல் போனால் குழாய்ச் செலவும் சூட்டு இழப்பும் ஏறிக்கொண்டே போகும். புகைபோக்கி பக்கத்துக் கூரையைவிட உயரமாக இருக்க வேண்டும், குட்டைப் புகைபோக்கி வைத்துவிட்டுப் பிறகு பக்கத்து வீட்டாரைச் சமாதானப்படுத்துவது கஷ்டம். வேலையைத் தொடங்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாநகராட்சிக்குள் ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருவில் இதை வைக்கவே வேண்டாம்.

தரைக்கு 5க்கு 5 அடி, ஆறு அங்குல கான்கிரீட். தண்ணீரோடு சேர்த்து ஒரு டன் நிற்கப்போகிறது. மேலே தகரக் கூரை, மழை நேரடியாகப் பட்டால் காப்புக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.

4. பாய்லரை அடிப்பது

ராணிப்பேட்டையில் பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த பட்டறைகளில் தகடு, வெல்டிங் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வைக்கிற இடத்தில் தண்ணீர்த் தொட்டி வேலையைக் கொடுக்காதீர்கள். விலை குறைவாகச் சொல்வார்கள், முதல் வாரமே ஒழுகும். எனக்கு முதலில் விலை சொன்ன ஒரு பட்டறை படத்தைப் பார்க்காமலே மூன்று மி.மீ. தகடு போதும் என்றது. அங்கிருந்து வந்துவிட்டேன்.

எங்கள் அளவு: தீப்பெட்டி உள்ளே 60 செ.மீ. அகலம், 60 உயரம், 90 நீளம், ஆறு மி.மீ. தகடு. வெளித்தொட்டி 90க்கு 90, நீளம் 120, நாலு மி.மீ. நடுவில் 600 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். கதவு, புகைபோக்கி அடி, கால் எல்லாம் சேர்த்து 380 கிலோ இரும்பு.

எடைக்குக் கூலி பேசுவார்கள், அதனால் தகட்டின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 4க்கு 8 அடி தகடு ஆறு மி.மீ. என்றால் 140 கிலோ, நாலு மி.மீ. என்றால் 93 கிலோ. வந்து இறங்கிய தகட்டை எடை போட்டுப் பார்த்தால் மி.மீ. உண்மையா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, தாங்கு கம்பி. தொட்டியில் தண்ணீர் நிற்கும்போது தட்டைத் தகட்டின் மேல் எவ்வளவு பாரம் விழும் என்று பலர் யோசிப்பதில்லை. பத்தடி உயரத்தில் தண்ணீர் மட்டம் இருந்தால் சதுர செ.மீ.க்கு 0.3 கிலோ. 90க்கு 120 செ.மீ. தகட்டுக்கு அது மூன்று டன்னுக்கு மேல். தாங்கு கம்பி இல்லாத தகடு வயிறு தள்ளும், பிறகு ஓரத்து வெல்டிங் விடும். தீப்பெட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவில் சுமார் 30 செ.மீ.க்கு ஒன்று வீதம் கம்பி குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய் நில்லுங்கள். வெல்டிங் தையல் மேல் ஒரு பக்கம் சுண்ணாம்புக் கரைசல் பூசிக் காயவிட வேண்டும், மறுபக்கம் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் தடவ வேண்டும். அரைமணி கழித்துப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத ஓட்டை இருக்கும் இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு மங்கல் புள்ளி எழும்பி மெதுவாகப் பரவும். எங்களுக்குக் கதவு மூலையில் இரண்டு புள்ளி வந்தது. அங்கேயே அரைத்து மறுபடி வெல்டிங் வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பு சுற்றிய பிறகு அதைக் கண்டுபிடித்திருந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். அப்புறம் தண்ணீர் நிரப்பி, பத்தடிக் குழாய் ஒன்றை மேலே நட்டு அதிலும் நிரப்பி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும். இது முடியாமல் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

5. மூடவே கூடாத குழாய்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பாய்லரின் உச்சியிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நேராக மேலே போய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். அதில் வால்வு கூடாது, மூடி கூடாது, ஒற்றைவழி வால்வும் கூடாது. தூசி விழுகிறது, குளவி கூடு கட்டுகிறது என்று யாராவது மூடி போட்டுவிட்டுப் போவார்கள். மூடிய தொட்டிக்குள் தண்ணீர் கொதித்தால் அது வெடிகுண்டு. வலை கட்டுங்கள், வாயைக் கீழ்நோக்கி வளையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

600 லிட்டர் தண்ணீர் 27-லிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது 15 லிட்டர் பெருகும். அதற்காக மேலே 30, 40 லிட்டர் கொள்ளும் சின்னத் தொட்டி ஒன்று மிதவை வால்வோடு வைத்து, தண்ணீர் மட்டத்தைப் பாதிக்குக் கீழேயே நிறுத்துங்கள், பெருகிவருவதற்கு இடம் வேண்டும். மாடியில் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து நேராக பாய்லருக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள், பிளம்பர் அதைத்தான் சுலபம் என்பார். இருபதடி உயரம் என்றால் மேலே சொன்ன மூன்று டன் ஆறு டன்னுக்கு மேல் போய்விடும்.

6. குழாயும் பம்பும்

சாதாரண பிவிசி குழாய் 60 டிகிரிக்கு மேல் தொய்ந்துவிடும். பாய்லரிலிருந்து முதல் பத்தடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), அதற்கப்புறம் சிபிவிசி (வெந்நீருக்கான பிளாஸ்டிக்), அது 93 டிகிரி வரை தாங்கும். போவதும் வருவதும் ஒரு அங்குலம். குழாயைக் கருப்பு நுரைக் காப்புக்குள் போட்டு, அதை நாலு அங்குல பிவிசி குழாய்க்குள் நுழைத்து, ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். வெளிக்குழாய்க்குள் மழைநீர் புகுந்தால் காப்பு இருந்தும் இல்லாததும் ஒன்று. இரண்டு முனையையும் நன்றாக அடைத்துவிடுங்கள்.

பம்பு வெந்நீர்ச் சுழற்சிக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும், தோட்டத்துக்குப் போடும் பம்பின் சீல் இந்தச் சூட்டில் போய்விடும். எங்களுக்கு மணிக்கு 750 லிட்டர் சுற்றினால் போதும், நூறு வாட்டுக்குள் அடங்குகிறது, அதனால் வீட்டு இன்வெர்ட்டரிலேயே மாட்டியிருக்கிறோம். கரண்ட் போய்ப் பம்பு நின்றால் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தீப்பெட்டிக்குக் காற்று வரும் வாயை அடைப்பதுதான். கதவைத் திறந்து விறகை இழுக்கப் போகாதீர்கள், முகத்தில் அடிக்கும். தண்ணீர் ஊற்றி அணைக்கவும் கூடாது, தகடு வெடிப்பு விடும். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இதைக் காட்டிக்கொடுத்துவிடுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நாளில்தான் கரண்ட் போகும்.

திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே போனால் தீப்பெட்டியின் உள்சுவர் வியர்த்து, தார் ஒட்டி, துரு பிடிக்கும். போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் நடுவில் ஒரு இணைப்பும் கேட் வால்வும் வைத்து, காலையில் பாய்லர் சூடேறும்வரை தண்ணீரைக் குறுக்கே சுற்றவிட்டு, பிறகு அறைக்குத் திறந்துவிடுங்கள்.

7. உலர் அறையும் குளியலறையும்

மழை நாளில் வெளிக்காற்று 25 டிகிரி, ஈரம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை 47 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈர அளவு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். உலர் அறையின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் ஈரத்தை வாங்கிக்கொண்ட காற்று வெளியே போக வழி வேண்டும். அறையை இறுக மூடிச் சூடேற்றுகிறவர்கள் அவித்துத்தான் எடுக்கிறார்கள். அடியில் காற்று நுழைய ஒரு வாய், எதிர்ச்சுவரில் மேலே வெளியேற்றும் விசிறி, நடுவில் தட்டுகள். முதல் ஒரு மணி நேரம் 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், எடுத்தவுடனே சூட்டைக் கூட்டினால் அப்பளம் ஓரம் சுருண்டு நடுவில் ஈரம் நிற்கும்.

சூட்டைக் காற்றுக்கு மாற்ற, பழைய லாரி ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி வைத்துச் சிலர் ஓட்டுகிறார்கள். மரப்பட்டறைக்கோ ஊதுவத்தி காயவைக்கவோ அது போதும். உணவுப் பொருள் என்றால் வேண்டாம், பழைய ரேடியேட்டரில் ஈயப் பற்றும் குளிர்விப்பான் மிச்சமும் இருக்கும். ஏசி வேலை செய்கிற கடையில் புதிய காயில் (வெந்நீர் ஓடும் வளைகுழாய்) செய்து வாங்குங்கள்.

குளியலுக்கு பாய்லர் தண்ணீரை நேராக எடுக்கக் கூடாது, அது சுற்றிச் சுற்றி வரும் தண்ணீர், துருத் தடுப்பு மருந்து கலந்தது. 200 லிட்டர் தொட்டிக்குள் செம்புக் காயில் போட்டு, பாய்லர் தண்ணீர் காயிலுக்குள்ளும் குளிக்கும் தண்ணீர் வெளியேயும் இருக்கும்படி செய்யுங்கள். குழாய்க்கு முன்னால் வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைக் கலக்கும் கலப்பு வால்வு கட்டாயம் வேண்டும். குழந்தைகளோ வயதானவர்களோ நேராகத் திறந்தால் கை வெந்துவிடும்.

8. என்ன தண்ணீர் ஊற்றுவது

நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, தோல் தொழிற்சாலை இருக்கும் பாலாற்றுக் கரையோரம் கேட்கவே வேண்டாம். உப்பு இரும்பைத் தின்னும், சுண்ணாம்பு தகட்டில் படிந்து சூட்டைத் தடுக்கும். பாய்லருக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், ஆகவே ஆவணி, புரட்டாசியில் கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்து, முதல் மழையை விட்டுவிட்டு, வடிகட்டி நிரப்புங்கள். துருத் தடுப்பு மருந்தை அந்த மருந்து விற்கும் கடையில் தொட்டியின் லிட்டர் அளவைச் சொல்லி வாங்கிக் கலக்குங்கள். மேல்தொட்டியில் அடிக்கடி தண்ணீர் குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் ஒழுகலைத் தேடுங்கள்.

9. காகிதங்கள்

பாய்லர் என்றதும் அலுவலகங்களில் பயந்து வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். சட்டத்தில் கொதிகலன் என்பது ஆவி உண்டாக்கும் அழுத்தக் கலன். தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கும் கலனும், சதுர செ.மீ.க்கு ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்துக்கு வடிவமைத்து அதற்குள்ளேயே ஓடும் கலனும் அந்த வரையறைக்குள் வராது. நம்முடையது இரண்டிலும் வெளியே. பட்டறைக்காரரிடம் அளவுப் படம் ஒன்று வாங்கி, திறந்த குழாயைக் காட்டி, "திறந்த அமைப்பு, வெந்நீர் மட்டும், 80 டிகிரி வரை" என்று எழுதிக் கையெழுத்து, முத்திரை வாங்கி வையுங்கள். இந்த ஒரு தாள் எல்லா மேசையிலும் கேள்வியைக் குறைத்தது. யாராவது இதையே மாற்றி ஆவி எடுக்கலாம் என்று சொன்னால் செய்யாதீர்கள், அது வேறு சட்டம், வேறு தகடு, வேறு ஆபத்து.

உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): ஆதார், பான் எண் போதும், இணையத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எல்லாம் போலியோ தரகரோதான்.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு அடிப்படைப் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று. தரகர்கள் இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

ஊராட்சியில் தொழில் நடத்தவும் இயந்திரம் நிறுவவும் அனுமதி கேட்டு மனு: வீட்டு வரி ரசீது, பத்திர நகல் அல்லது வாடகை ஒப்பந்தம், இட வரைபடம், மேலே சொன்ன அளவுப் படம். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். உங்கள் தொழில் எந்த மாசு வகையில் வருகிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாயால் சொன்னது பிறகு நிற்காது.

கரண்ட்: வீட்டு இணைப்பிலிருந்து பட்டறைக்கு இழுக்காதீர்கள், பிடித்தால் அபராதம். குறுந்தொழில் கட்டண வகையில் தனி இணைப்புக்கு மனுப் போடுங்கள், உத்யம் சான்று அங்கே உதவும். இது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

மானியக் கடன் யோசிக்கிறவர்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் கடனோடு சேர்ந்த மானியம் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். இப்போது மனு வாங்குகிறார்களா என்று முதலில் கேளுங்கள். விலைப்புள்ளி கொடுத்து, வங்கி ஒப்புதல் தந்த பிறகுதான் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் மானியம் கிடைக்காது.

10. செலவு

நான் கொடுத்த கணக்கு இது, உங்கள் பக்கம் கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். இரும்பும் கூலியும் சேர்த்துக் கிலோ 120 ரூபாய், 380 கிலோவுக்கு 45,600, அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ராக் வுல் (கல் இழைப் பஞ்சு) காப்பும் மேல்தகரமும் 9,000. புகைபோக்கி 6,000. பம்பு 9,000. காயிலும் விசிறியும் 14,000. குளியல் தொட்டியும் செம்புக் காயிலும் 16,000. குழாயும் காப்பும் 12,000. கான்கிரீட், கூரை 22,000. வயரிங், எர்த் 6,000. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடிந்தது. விறகு டன் 5,500, மூன்று மாதத்துக்கு நாலு டன் வாங்கினோம்.

ராக் வுல்லிலும் பம்பிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். குளியல் தொட்டியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம், அதற்கான குழாய் முனையை மட்டும் இப்போதே பாய்லரில் வைத்துவிடுங்கள்.

11. எந்த மாதம் என்ன

தையில் கணக்கும் மின் இணைப்பு மனுவும். மாசியில் விறகு. பங்குனியில் பட்டறையில் ஆர்டர், அவர்கள் சொல்லும் நாளோடு ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வைகாசியில் கான்கிரீட். ஆனி, ஆடியில் குழாயும் வயரிங்கும். ஆவணியில் மழைநீர் நிரப்பி முதல் தீ. புரட்டாசி முழுக்க ஓட்டிப் பார்த்து, ஒழுகுவதையும் புகைவதையும் சரிசெய்ய வேண்டும். ஆயுத பூஜைக்குத்தான் பாய்லர் வந்து இறங்குகிறது என்றால் அந்த வருஷத்து மழையை விட்டுவிடுங்கள், அவசரத்தில் செய்கிற வெல்டிங் நிற்காது.

12. எரிக்கும் முறை

முதல் தீ சின்னதாக, இரண்டு மூன்று மணி நேரம். 600 லிட்டர் குளிர்ந்த தண்ணீரை ஏற்றவே 15 கிலோ விறகு போகும், சூடேறவில்லையே என்று ஒரேயடியாகத் திணிக்காதீர்கள். அப்புறம் தினமும் சிறு சிறு தீயாக, நன்றாகக் காற்று விட்டு எரியுங்கள். தீப்பெட்டி நிறைய அடைத்துக் காற்றைக் குறைத்து இரவெல்லாம் புகையவிடுவதுதான் தார் படிவதற்கு முதல் காரணம். புகைபோக்கியில் வெள்ளையாகவோ கருப்பாகவோ அடர்ந்த புகை நின்றால் காற்று போதவில்லை அல்லது விறகு ஈரம். நன்றாக எரியும் பாய்லரில் மேலே வெறும் அலைதான் தெரியும். மாதம் ஒருமுறை புகைபோக்கிக்குள் கம்பித் தூரிகை விடுங்கள்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு டிரம்மில் இரண்டு நாள் வைத்துவிட்டுத்தான் தென்னைக்குப் போட வேண்டும். மேலே ஆறிய சாம்பலுக்குள் கங்கு இருக்கும், குப்பையில் கொட்டி வைக்கோல் பிடித்த கதை நம் ஊரிலேயே உண்டு. தையில் மழைக்காலம் முடிந்து நிறுத்தும்போது தீப்பெட்டியைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள், சாம்பல் உள்ளேயே கிடந்து ஈரம் வாங்கினால் ஆறு மி.மீ. தகட்டையும் அரித்துவிடும். தண்ணீரை மட்டும் வடிக்க வேண்டாம், காற்றுப் படாமல் நிறைந்தே இருக்கட்டும். புகைபோக்கி வாயில் ஒரு தகரத்தைக் கவிழ்த்து, அதை எடுக்காமல் தீ மூட்டாதே என்று கதவிலேயே எழுதித் தொங்கவிடுங்கள்.